ஒன்பதாவது சட்டை

நெஞ்சுச் சுற்றளவு எத்தனை இஞ்ச் என்று அளந்துகொண்டு வந்தீர்களா அண்ணே, இல்லை, நாயைக் கையோடு கூட்டி வந்ததே அதற்குத்தானா? அதுதான் நல்லது. வாயால் சொல்கிற அளவை நம்பி நான் துணியில் கத்திரி வைக்க மாட்டேன். போன மாதம் ஒருத்தர் போனில் முப்பத்தாறு என்றார். தைத்துக் கொடுத்தால் நாய் அதற்குள் புகுந்து இந்தப் பக்கமாக வெளியே வந்துவிட்டது. விசாரித்தால் மனுஷன் தன் பேண்ட் அளவைச் சொல்லியிருக்கிறார்.

உட்காருங்கள். ஸ்டூலில் உட்காருங்கள், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். நாயைக் கதவோரம் கட்டிக்கொள்ளுங்கள். மூலையில் மெஷினுக்கு அடியில் படுத்திருக்கிறதே செவலை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முன்னேயெல்லாம் பன்றியைக் காதைக் கடித்து நிறுத்துகிற நாய் அது. இப்போது சுத்தச் சோம்பேறி. அந்த மெஷினில் தைக்கிறவள் பவளக்கொடி. எனக்கு ஓரகத்தி முறை. எங்கள் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன் ஒருத்தர் இருந்தார், வெள்ளையப்பன் என்று, அவர் பெண்டாட்டி. அவள் பேச மாட்டாள். ஊமை இல்லை அண்ணே. பேசுவதில்லை, அவ்வளவுதான். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவேன், கவலையே வேண்டாம்.

தர்ஷி! மாமா நாய் வாலை விடு. விடு கண்ணு, கடிச்சிரும்.

என் மகள்தான். நாலு வயசு நடக்கிறது. கவுன் நல்லா இருக்கிறதா? நாய்ச் சட்டைத் துணிதான், நானே தைத்தேன். இடுப்பில் அந்த வெள்ளி நாடா இருக்கிறது பாருங்கள், லைட் பட்டால் அப்படியே மின்னும். காப்பித் தோட்டத்துக்குள் எந்த மூலைக்கு ஓடினாலும் எனக்கு இங்கிருந்தே தெரியும். பெற்ற பிள்ளை கண்ணை விட்டு மறையக்கூடாது இல்லையா. அந்த டிவி மூடியும் அதே துணிதான். அந்தத் தலையணை உறையும். வீணாக்குகிற பழக்கமே எனக்குக் கிடையாது.

எத்தனை நாய் உங்களுக்கு? பதினொன்றா? சரி. கூட நடக்கிற ஆள் எத்தனை பேர் என்றெல்லாம் சொல்ல வேண்டாம் அண்ணே, எனக்கு நாய்க் கணக்கு மட்டும் போதும்.

முன்னங்காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். அப்படித்தான்.

பன்றி விரட்டைப் பற்றி உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. நீங்களும் அதற்குத்தானே தைக்க வந்திருக்கிறீர்கள். ஃபாரஸ்ட்காரர்கள் யாராவது எட்டிப் பார்த்தால் மட்டும் "நாய்க்குக் குளிர்ச் சட்டை சார்" என்பேன். மலையில் குளிருக்கா பஞ்சம், நம்பிவிடுவார்கள்.

எங்கள் முதலாளிக்குக் காப்பி, மிளகு, மலைவாழை, கீழே சவ்சவ் பந்தல். பன்றி வந்து ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிடும். அதனால் காப்பிப் பழம் எடுத்து முடிந்ததும், தை மாசி இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் விரட்டு நடக்கும். முதலாளியும் டவுனிலிருந்து வரும் அவர் சிநேகிதர்களும் துப்பாக்கியோடு மேட்டில் நிற்பார்கள். எங்கள் ஆட்கள் ஏழு பேர், நாய்களோடு பள்ளத்திலிருந்து உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து மேலே விரட்டிக்கொண்டு வருவார்கள். "ஹோய், ஹோய்" என்று கத்திக்கொண்டே வருவார்கள். அந்தச் சத்தத்தை வைத்து எந்தப் பக்கம் ஆள் வருகிறான் என்று மேலே நிற்கிறவர்களுக்குத் தெரியும். காலங்காலமாக அப்படித்தான். எங்கள் வீட்டுக்காரர் உள்ளே போக மாட்டார். அவர் ஜீப் டிரைவர்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் முந்தின வருஷம் டைசன் செத்தது. முதலாளி உயிரையே வைத்திருந்த நாய். கறுப்பு நிறம், சின்னக் காளைக்கன்று உயரம். புதருக்குள்ளிருந்து அது தலையை நீட்ட, டவுன் ஆள் ஒருத்தர் பன்றி என்று நினைத்து அடித்துவிட்டார். முதலாளி அன்றைக்கு அழுதார் பாருங்கள், பெற்ற தகப்பனுக்கு அப்படி அழுவார்களா தெரியாது. பங்களாவுக்குப் பின்னால் குழி வெட்டி, மாலை போட்டு, பால் ஊற்றி, கல் நட்டார். எங்களுக்கெல்லாம் சாப்பாடு. பதினாறாம் நாள் மறுபடியும் சாப்பாடு.

அப்புறம் அவர் போனில் ஒரு படம் பார்த்தார். வெளிநாட்டில் காட்டுக்குள் வேலை செய்கிற நாய்களுக்கு ஆரஞ்சுச் சட்டை போடுகிறார்கள், தூரத்திலிருந்தே தெரியும், சுட மாட்டார்கள். உடனே மேனேஜரைத் திருப்பூருக்கு அனுப்பி ஒரு பண்டல் துணி வரவழைத்துவிட்டார். மொடமொடவென்று, தண்ணீர் ஒட்டாத துணி. கூடவே மின்னுகிற நாடா, பக்கிள், ஒட்டுநாடா. எல்லாம் என் வாசலில் வந்து இறங்கியது. நான் படித்தது பத்தாவது, இங்கே நம்ம மலைப் பள்ளிக்கூடத்தில். தையல் மகளிர் குழுவில் கற்றது. ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம், இவ்வளவுதான் தைத்திருந்தேன். நாய்க்கு யார் தைத்தது?

முதல் சட்டையை ராக்கிக்குத் தைத்தேன். வயிற்றை முழுக்க மூடி, அழகாக, சிப்பாய் மாதிரி. அது ஒன்றுக்குப் போகக் காலைத் தூக்கியது, மொத்தமும் சட்டைக்குள். ஐயோ, எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஏன்டி, ஒரு ஓட்டை விடணும்னு தோணலையா?" என்று. அப்புறம்தான் புத்தி வந்தது. ஆண் நாய்க்கு வயிறு பாதியோடு நிற்க வேண்டும். பெட்டைக்குக் காம்பில் உரசக்கூடாது. கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பக்கிளை அடிவயிற்றில் வைத்தால் புதரில் மாட்டிக் கழன்றுவிடும், அதனால் முதுகில் வைத்து மேலே ஒரு மடிப்பு போட்டேன். இரண்டு கையும் சேர்ந்தால்தான் கழற்ற முடியும். அது நானே யோசித்தது அண்ணே, எந்தப் படத்திலும் கிடையாது.

மொத்தம் ஒன்பது சட்டை. முதலாளி நாய் எட்டு, வெள்ளையப்பனின் செவலை ஒன்று. ஊர் நாய்க்கு எதற்குச் சட்டை என்று மேனேஜர் முனகினார். முதலாளிதான், "அது முன்னால போனாத்தான்யா என் நாய்ங்க பின்னால போகுது, அதுக்கும் தைக்கச் சொல்லு" என்றார். பெரிய மனசு.

சட்டை போட்டு முதல் விரட்டு. முதலாளி ஜீப் மேலே ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னார். "இனிமே குழப்பமே வேண்டாம். ஆரஞ்சு தெரிஞ்சா விரல எடு. ஆரஞ்சு இல்லாம புதர் அசைஞ்சா அடி. அவ்வளவுதான்." இன்னொன்றும் சொன்னார். ஆட்கள் கத்தக் கூடாது. கத்தினால் பன்றி பாதியிலேயே பக்கவாட்டில் தப்பிவிடுகிறது. விரட்டுகிற வேலையை நாய் பார்த்துக்கொள்ளும், நீங்கள் சும்மா கூட நடந்தால் போதும் என்று. பாருங்கள், எங்கள் ஆட்களுக்குத் தொண்டைவலிகூட மிச்சம்.

அன்றைக்கு இரண்டு பன்றி. ஒரு நாய்க்கு ஒரு கீறல் இல்லை. மத்தியானம் முதலாளி போன் போட்டு, "ரஞ்சனி, உன் கைக்குத் தங்க வளையல் போடணும்மா" என்றார். போடவில்லை, அது வேறு. சொன்னாரே, அதுவே போதாதா.

கழுத்திலிருந்து வால் ஆரம்பம் வரைக்கும் இருபத்தாறு. பவளம், எழுதிக்கோ. எழுதிக்கொள்வாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும் அவளுக்கு.

இரண்டாவது விரட்டு முடிந்து, நடுவாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், வெள்ளையப்பன் செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதுகுப் பட்டி தளர்ந்திருக்கிறது, இறுக்கித் தர வேண்டும் என்று. பின்னால் பவளமும் நின்றாள். எங்கள் வீட்டுக்காரர் இங்கே, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் பட்டியைப் பிரித்து மூன்று வரிசை தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன், வெள்ளையப்பன் மெதுவாக ஆரம்பித்தார்.

"மதினி, மிச்சத் துணி ஏதும் கெடக்குமா?"

"எதுக்கு?"

"தலையில கட்டிக்கத்தான். ஒரு முழம் போதும். போன ஞாயித்துக்கெழம ரவை காதோரமாப் போச்சு மதினி. அந்தக் காத்து இன்னும் காதுக்குள்ளயே நிக்குது."

கொழுந்தன் முறை இல்லையா, கேலி பேசாமல் இருக்க என்னால் முடியாது. "கொழுந்தனாரே, இது நாய்ச் சட்டைத் துணி. ஒங்களுக்கும் வேணும்னா வாங்க, குனிஞ்சு நில்லுங்க. கழுத்துலருந்து வால் வரைக்கும் அளவெடுக்குறேன். வால எங்க வச்சிருக்கீங்க?"

எங்கள் வீட்டுக்காரருக்குக் காப்பி புரையேறிவிட்டது. வெள்ளையப்பன் மட்டும் லேசுப்பட்டவரா? "வாலா? அதான் மொதலாளி வீட்டு வாசல்ல ஆட்டி ஆட்டித் தேஞ்சு போச்சே மதினி!" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம் அண்ணே. அவ்வளவு கலகலப்பான மனுஷன்.

இவள் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதெல்லாம் பேசுவாள். "அக்கா, நெசமாத்தான் கேக்குறாரு. ஒரு முழம் கிழிச்சுக் குடுங்க" என்றாள்.

நான் நியாயத்தைத்தான் சொன்னேன். "இவருக்கு ஒரு முழம் கிழிச்சா நாளைக்கு ஏழு பேரும் வாசல்ல நிப்பாங்கடி. மொதலாளி துணி. அடுத்த பண்டல் வரட்டும், பாக்கலாம்." மிச்சம் என்னவோ இருந்தது. நாலு மீட்டர். ஆனால் கவுனுக்கு அப்போதே வெட்டியாகிவிட்டது. இதோ, இந்த மெஷின் மேலேயே பாதி தைத்தபடி கிடந்தது. வெட்டின துணியை என்ன செய்ய முடியும்? தையல்காரிக்கு மிச்சத் துணி என்பது ஊர் உலகத்து வழக்கம். அதை ஆளாளுக்குத் தலைப்பாகை கிழிக்க நான் என்ன கோயில் பரிவட்டமா கட்டுகிறேன்?

அவரும் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி மதினி, பட்டிய நல்லா இறுக்கிக் குடுத்துருங்க. செவலையாச்சும் பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கிப் போனார்.

மூன்றாவது ஞாயிறு. நல்ல குளிர். ஆட்கள் எல்லோரும் எஸ்டேட்டில் கொடுத்த பழைய பழுப்பு ஸ்வெட்டர்தான் போட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்குள் வேலை முடிந்துவிட்டது. பெரிய ஒற்றைப் பன்றி, ஜீப்பில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. எல்லாம் எங்கள் வீட்டுக்காரர் சொன்னது. மேலிருந்து மொத்தம் ஐந்து வெடி. பன்றி மேல் மூன்று. மற்ற இரண்டும் எங்கேயோ புதர் அசைந்தது என்று அடித்தது, விழுந்ததா இல்லையா தெரியவில்லை, போய்விட்டிருக்கும் என்றார்கள்.

முதலாளி ஜீப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு நாயாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ராக்கி, புரூனோ, ராணி, சீசர், எல்லாம். எட்டும் வந்தன. எட்டுக்கும் பிஸ்கட். செவலையைக் காணோம். "ஊர் நாய்தானே, வெள்ளையப்பன் பின்னாலயே வீட்டுக்குப் போயிருக்கும்" என்றார் மேனேஜர். ஜீப்பைக் கிளப்பிவிட்டார்கள். ஆட்கள் ஜீப்பில் வருவதில்லை, அவரவர் குறுக்குவழியில் வீட்டுக்கு நடந்துவிடுவார்கள். அதனால் ஆளை யாரும் எண்ணுவதில்லை. எண்ணுகிற வழக்கமே இல்லை.

பன்னிரண்டு மணி இருக்கும், பவளம் வந்தாள். "அக்கா, அவரு இங்க வந்தாரா?"

"கறிப் பங்கு வாங்கப் போயிருப்பாருடி."

இரண்டு மணிக்கு மறுபடி வந்தாள். நான் தர்ஷிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். "எங்கயாச்சும் சீட்டு ஆடுவாங்கடி. ஆம்பளைங்கள ஞாயித்துக்கெழம வீட்டுல தேடுறவள இப்பத்தான் பாக்குறேன்" என்றேன். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு மேனேஜர் ஓடி வருகிறார். எதற்கு? சட்டையில் ஒன்று குறைகிறது! செவலை சட்டையோடு காட்டுக்குள் எங்கேயாவது செத்துக் கிடந்தால், ஃபாரஸ்ட்காரன் கண்ணில் அந்தச் சட்டை பட்டால், விரட்டு நடக்கிற விஷயம் வெளியே வந்துவிடும். முதலாளிக்கு அந்தப் பயம். சட்டையைத் தேடிக்கொண்டு வா என்று எங்கள் வீட்டுக்காரரையும் இன்னும் இரண்டு பேரையும் ஜீப்பிலேயே அனுப்பினார்.

மேட்டில் போய் நின்றதும் தெரிந்துவிட்டதாம். எதிர்ச் சரிவில், புதருக்கு மேலே, ஆரஞ்சு. வெயிலில் நாடா பளீர் பளீர் என்று அடிக்கிறது. எவ்வளவு தூரம் என்கிறீர்கள்? கால் மைல்! அதைத்தான் சொல்ல வருகிறேன். என் சட்டை கால் மைலில் தெரிந்தது. எங்கள் வீட்டுக்காரர் செவலை மரத்தில் ஏறிவிட்டது என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்.

இறங்கிப் போய்ப் பார்த்தால், வெள்ளையப்பன். புதர் தட்டுகிற கம்பின் நுனியில் சட்டையை மாட்டி, கம்பைக் கால் இடுக்கில் நட்டுப் பிடித்துக்கொண்டு மல்லாக்கக் கிடக்கிறார். பக்கத்தில் செவலை, சட்டை இல்லாமல். வலது தோளிலும் விலாவிலும் ரவை பாய்ந்திருக்கிறது. ஒரு கைதான் வேலை செய்திருக்கிறது. நான் வைத்த பக்கிள் ஒற்றைக் கையால் கழலாது, அதுதான் சொன்னேனே. பல்லால் கடித்திருக்கிறார் அண்ணே. பட்டியைப் பல்லால் கடித்துப் பிரித்திருக்கிறார். மூன்று வரிசைத் தையல். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், நீங்களே கணக்குப் போடுங்கள். அது வரைக்கும் நாயும் அசையாமல் நின்றிருக்கிறது.

உயிர் இருந்தது. எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, "கத்துனேண்ணே. ஜீப்ப எடுத்துட்டீங்க" என்றாராம். அவ்வளவுதான் சொன்னாராம்.

தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தால், ஜீப்புக்குள் காலையில் ஏற்றின பன்றி. இறக்கவே இல்லை, அதற்குள் சட்டை தேட அனுப்பிவிட்டார்களே. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி வராதா? போன் போட்டுக் கேட்டதற்கு முதலாளி, பங்களாவுக்கு வந்து பன்றியை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவிவிட்டுப் போகச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பக்கெட்டை எடுத்து ஊற்றின வேகத்தை இன்றைக்கும் மேனேஜர் சொல்லுவார். பத்தே நிமிஷத்தில் ஒரு சொட்டு இல்லாமல் கழுவிவிட்டார். அவரிடம் அந்தச் சுறுசுறுப்பு எப்போதும் உண்டு. வெள்ளையப்பனை அதுவரை காப்பி உலர்த்துகிற களத்தில் படுக்க வைத்திருந்தார்கள். நிழலில்தான்.

கீழே இறங்கும்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் முடிந்துவிட்டது. முடிந்த பிறகு ஆஸ்பத்திரி எதற்கு? திரும்பி வந்துவிட்டார்கள். நிழல் மரம் கவாத்துப் பண்ணும்போது சில்வர் ஓக்கிலிருந்து விழுந்துவிட்டார் என்று முதலாளி சொன்னார், எல்லோரும் அப்படியே சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை எவன் கவாத்துப் பண்ணுவான் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் விடியவும் எடுத்தாயிற்று.

எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆண்களுக்கு ரத்தம் என்றாலே ஆகாது. பிள்ளை பெற்றுப் பார்க்க வேண்டும், அப்போது தெரியும்.

துட்டி கேட்க வெள்ளையப்பன் வீட்டுக்குத் தர்ஷியையும் தூக்கிக்கொண்டு போனேன். புதுக் கவுன், கழற்றினால் அழுகிறாள், அப்படியே கூட்டிப் போய்விட்டேன். பவளம் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவள், தர்ஷியைப் பார்த்ததும் கையை நீட்டினாள். மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வெள்ளி நாடாவை விரலால் இப்படி, இப்படித் தடவிக்கொண்டே இருந்தாள். இடுப்பைச் சுற்றி, முன்னாலும் பின்னாலும், சாண் வைத்து அளக்கிற மாதிரி. குழந்தை என்றால் அவளுக்கு அவ்வளவு உயிர். அவளுக்கு இல்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, தகப்பன் இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அன்றைக்குப் பேச்சை நிறுத்தினதுதான்.

முதலாளி கைவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். முப்பது நாள் கழிந்ததும் புது மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார், மோட்டார் வைத்தது. எத்தனை முதலாளிக்கு வரும் அந்த மனசு? இவள் வீட்டில் கரண்ட் இல்லை, அதனால் என் வீட்டில் போட்டாயிற்று. காலையில் வருவாள், சாயங்காலம் போவாள். நாடா வைக்கிற வேலை முழுக்க அவள்தான். நூல் பிடித்த மாதிரி வைப்பாள். எனக்கும் ஒத்தாசை, அவளுக்கும் பொழுது போகும். அவள் மெஷினில் அவசரத்துக்கு நானும் தைத்துக்கொள்வேன்.

எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் என்ன தெரியுமா அண்ணே? குழாயடியில் ஒருத்தி சொன்னாளாம், "ரஞ்சனி தச்ச சட்ட பிரிஞ்சு போச்சாம்ல" என்று. வயிறு எரிந்துவிட்டது. பிரிந்துதான் போனதா அது? கடித்தால் எதுதான் பிரியாது? இரும்பா தைக்க முடியும்? இருங்கள், காட்டுகிறேன். அந்த ஒன்பதாவது சட்டையை நான் எறியவில்லை. சோப்புப் போட்டு இரண்டு நாள் ஊற வைத்தேன். ஆரஞ்சில் கறை அவ்வளவாகத் தெரியாது, அது இந்தத் துணியில் ஒரு சௌகரியம். இதோ. இந்த இடத்தைப் பாருங்கள். பல் பதிந்த அடையாளம் தெரிகிறதா? இந்தப் பட்டியை மட்டும் மாற்றினேன். மற்றபடி ஒரு தையல் அசையவில்லை.

பார்த்தீர்களா, செவலை எழுந்து வெளியே போகிறது. இந்தச் சட்டையை எடுத்தாலே அப்படித்தான். பாதி நாள் சோற்றைக்கூட இங்கே தின்னாது.

உங்கள் நாய்க்கு இது ஏறக்குறையச் சரியாக இருக்கும், போட்டுப் பாருங்கள். சும்மா அளவு பார்க்கத்தான். தலையை உள்ளே விடுங்கள். அடடா, ராஜா மாதிரி இருக்கிறது. இப்போது பக்கிளை ஒற்றைக் கையால் கழற்றிப் பாருங்கள். பாருங்களேன், சும்மா. வராது. வரவே வராது. ஒன்பது நாய்க்குத் தைத்தேன், ஒன்பதும் இன்றைக்கு வரைக்கும் உயிரோடு சுற்றுகின்றன. ஆறு எஸ்டேட்டிலிருந்து என்னைத் தேடி வருகிறார்கள். சும்மாவா வருவார்கள்?

துணி எவ்வளவு கொண்டு வந்திருக்கிறீர்கள்? பதினாறு மீட்டரா? தாராளம். பதினொரு நாய்க்குப் பத்து, பதினொன்றுக்கு மேல் ஆகாது. மிச்சம் தையல்காரிக்கு அண்ணே, மறைத்து எடுக்கிற பழக்கம் எனக்கில்லை, முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். தர்ஷி அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு புத்தகப் பை தைக்கலாம், மழைக்கு ஒரு கோட்டு தைக்கலாம். இரண்டு வாரம் கொடுங்கள். தை பிறப்பதற்குள் பதினொன்றும் தயாராக இருக்கும்.

என்ன பவளம், மெஷின நிறுத்திட்ட? நூல் அறுந்துருச்சா? என்ன? அண்ணன்கிட்டயா? அட, பாருங்கள் அண்ணே, உங்களிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம். பத்து மாதத்தில் இவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. சொல்லுடி. சத்தமாச் சொல்லு, ஒன்னய யாரு என்ன சொல்லப் போறா.

"அண்ணே, மிச்சத் துணிய இங்க விட்டுட்டுப் போகாதீங்க. எடுத்துட்டுப் போயிருங்க. ஆளுக்கு ஒரு முழம் வரும். கிழிச்சுக் குடுத்துருங்க."